கொஞ்ச நாள் எழுதப் போவதில்லை

ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு நான் ஒரு மடல் அனுப்புவேன். புலனத்தில்தான். ஒரு பக்கம், சில வாரம் ஒன்றரைப் பக்கம் இருக்கும். ஏறக்குறைய ஐந்தாண்டுப் பழக்கம் அது. இப்போது ஐந்து வாரமாக அனுப்பவில்லை. முதல் வாரம், "என்ன ஆச்சு, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார்கள். இரண்டாம் வாரம், "பரீட்சையா?" என்றார்கள். மூன்றாம் வாரத்திலிருந்து யாரும் கேட்கவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. சொல்லாமல் நிறுத்தியது தவறு என்றும் அப்போதுதான் உறைத்தது. அதனால் இங்கே சொல்கிறேன்: கொஞ்ச நாளைக்கு நான் எழுதப் போவதில்லை. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

2020 மார்ச் மாதம், பள்ளி விடுமுறைக்குச் சுங்கை சிப்புட்டில் இருக்கும் பாட்டி வீட்டுக்குப் போயிருந்தேன். அப்போது நான் படிவம் 4 மாணவி. மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அம்மாவும் அப்பாவும் ஈப்போவில், நான் பாட்டியிடம். ஒரு வாரத் துணியோடு போனவள் மாதக்கணக்கில் அங்கேயே கிடந்தேன். பாட்டி வீட்டில் இணைய வசதி சரியில்லை. பாட்டிக்குப் பேச ஆள் கிடைத்தது. எனக்கு வேறு வேலை இல்லை.

பாட்டி முப்பத்தொரு வருடம் பால்மரம் சீவியவர். விடியற்காலை ஐந்து மணிப் பெரட்டு, நெற்றியில் கட்டிய விளக்கு, மங்கில் சொட்டும் பால், துணியை எத்தனை முறை துவைத்தாலும் போகாத ஒட்டுப்பால் வாடை, தீபாவளிக்கு முன்வரும் பட்டுவாடா என்று எதைத் தொட்டாலும் அவரிடம் ஒரு கதை இருக்கும். அந்தக் கதைகளை எழுதி என் அத்தை பிள்ளைகள், மாமா பிள்ளைகள் பதினொரு பேருக்கு அனுப்பினேன். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்தவள்தான் நான் என்றாலும், இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு கட்டுரை என்றாலே மலாயில்தான் யோசிப்பேன். பாட்டி பேச்சைத் தமிழில் எழுத எழுதத்தான் கை திரும்பி வந்தது. பதினொரு பேர் நூறு பேராகி, நூறு நானூறைத் தாண்டியது. தோட்டத்தை விட்டுப்போய்க் கிள்ளானிலும் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்களெல்லாம் சேர்ந்துகொண்டார்கள். "எங்க தோட்டத்திலயும் இப்படித்தான்" என்று ஒருவர் எழுதிவிட்டால் அந்த வாரம் எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்காது.

நன்றாகப் போய்க்கொண்டிருந்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடந்த டிசம்பர் வரை.

அன்று மழை. பாட்டி நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார். நாற்பது வருடத்துக்கு முன்பு, தாத்தா நெஞ்சுவலியில் படுத்துவிட்ட சமயம், என் பெரியம்மாவுக்கு ஆசிரியர் பயிற்சிக்கான நேர்முகத் தேர்வுக் கடிதம் ஒன்று தோட்ட ஆபீசுக்கு வந்ததாம். பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. கிராணிதான் விஷயத்தைச் சொல்லிக் கையில் கொடுத்தாராம். பாட்டி அதை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து அடுப்பில் போட்டுவிட்டார்.

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டத்து வீடு வேலைக்கான வீடு. வேலை செய்ய ஆள் இல்லையென்றால் வீட்டைக் காலி பண்ண வேண்டும். தாத்தா படுத்துவிட்டார், கீழே மூன்று சின்னப் பிள்ளைகள். பாட்டியின் ஒரு கைச் சம்பளத்தில் அரிசிக் கணக்கே அடங்காது. பெரியம்மா மரம் வெட்டப் போயே ஆகவேண்டும். பாட்டி செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. அவருக்கு முன்னால் எத்தனை வழி இருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

அந்த வாரம் நான் எழுதியதுதான் இதுவரை எழுதியதிலேயே சிறந்த மடல். பெயர் போடவில்லை, 'மூத்த மகள்' என்று மட்டும் எழுதினேன். பெரியம்மாவுக்கு இது தெரிந்த கதை என்றே நினைத்தேன். நாற்பது வருடம் ஒரே குடும்பத்துக்குள் இருக்கிறார்களே, பேசாமலா இருந்திருப்பார்கள்? பாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஞாயிறு ஒன்பது மணிக்குள் அனுப்பியாக வேண்டும் என்ற அவசரம். அன்றிரவு கைப்பேசி ஓயவேயில்லை. "கண் கலங்கிடுச்சு", "எங்க அம்மா ஞாபகம் வந்துச்சு" என்று வந்துகொண்டே இருந்தது. பலர் மற்றவர்களுக்கும் அனுப்பிவைத்தார்கள்.

அப்படிக் கைமாறிக் கைமாறிச் செவ்வாய்க்கிழமை பெரியம்மாவிடம் போய்ச் சேர்ந்தது. அவர் ஈப்போவில் ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் இருபது வருடத்துக்கு மேலாகச் சமையல் வேலை செய்கிறார். ஆசிரியர்களுக்குத் தேநீர் கலக்கிக் கொடுப்பவர். இடைவேளை முடிந்ததும் எனக்கு அழைத்தார்.

"நல்லா எழுதியிருக்க பாப்பா. ஒண்ணு கேக்கணும். அந்தக் கடுதாசி பழுப்புக் கவரா?"

எனக்குத் தெரியாது என்றேன்.

"ஆறு மாசம் ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். வந்துச்சா வந்துச்சான்னு. சரி பாப்பா, மணி அடிச்சிருச்சு."

அவ்வளவுதான். திட்டவில்லை. அதற்குப் பிறகு பொங்கலுக்குப் பாட்டி வீட்டுக்கு வரவில்லை. வருடா வருடம் தைப்பூசத்துக்கு இருவரும் சேர்ந்துதான் ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் போவார்கள். இந்த வருடம் பெரியம்மா விடியற்காலையிலேயே தனியாகப் போய்விட்டு வந்துவிட்டார். பாட்டியோ நான் எதைக் கேட்டாலும், "ஞாபகம் இல்லைடி" என்கிறார். பெரட்டு மணி அடித்தவர் பெயர் முதல் முதலாளி நாயின் பெயர் வரைக்கும் சொன்னவருக்கு இப்போது எதுவும் ஞாபகம் இல்லையாம்.

பல்கலைக்கழகத் தோழி ஒருத்தி யோசனை சொன்னாள்: "இதையே அடுத்த மடலா எழுதிடு. மன்னிப்புக் கேட்டு எழுதினா இன்னும் நல்லாப் போகும்." நல்ல எண்ணத்தோடுதான் சொன்னாள். எனக்குள்ளும் முதல் பத்தி தயாராகிவிட்டது என்பதுதான் வெட்கக்கேடு. பெரியம்மா அழைப்பைத் துண்டித்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, பழுப்புக் கவரில் ஆரம்பிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். பிறகும் மூன்று மடல் அனுப்பினேன், சத்தில்லாத மடல்கள். ஜனவரி நடுவில்தான் நிறுத்தினேன்.

எழுத்தை நிறுத்திவைப்பவர்கள் வழக்கமாக என்ன சொல்வார்கள்? களைத்துவிட்டேன், கற்பனை வற்றிவிட்டது, நேரமில்லை. எல்லாம் எழுதுகிறவரைப் பற்றிய காரணங்கள். நானும் முதலில் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். வகுப்பில் கேட்ட ஒரு விரிவுரைதான் அதை மாற்றியது.

நான் வேளாண் அறிவியல் இரண்டாம் ஆண்டு மாணவி. ரப்பர் எங்களுக்கு ஒரு பாடம். பால்மரத்தைச் சீவுவதற்கு ஒரு கணக்கு உண்டு. மரத்தின் பாதிச் சுற்றளவுக்குச் சாய்வாக ஒரு கோடு, ஒருநாள் விட்டு ஒருநாள் சீவல். ஒரு தடவைக்குச் சீவ வேண்டிய பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். உளி ஆழமாகப் போய் உள்ளே இருக்கும் வளர்திசுவைத் தொட்டுவிட்டால் அங்கே புதுப்பட்டை ஒழுங்காக வளராது, முண்டு முண்டாகிவிடும். வெளியேறிய பால் மரத்துக்குள் மறுபடி ஊறுவதற்கு இரண்டு மூன்று நாளாகும். அதற்குள் திரும்பத் திரும்பச் சீவினால் பால் முதலில் தண்ணீராக வரும், பிறகு கோட்டில் ஒரு பகுதி மட்டும் சொட்டும், அதற்குப் பிறகு ஒன்றும் வராது. பாடப்புத்தகம் இதற்கு நீளமான பெயர் வைத்திருக்கிறது. பாட்டி, "பட்டை செத்துப்போச்சு" என்பார். இதில் ஒரு வகை, ஓய்வு கொடுத்தால் தேறிவிடும். இன்னொரு வகை தேறாது. வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மரம் பச்சையாகத்தான் நிற்கும்.

இந்த ஓய்வுக் கணக்கெல்லாம் நமக்குத் தானாக வந்ததில்லை. கோலகங்சாரில் 1877-இல் ஹியூ லோ நட்ட கன்றுகளில் ஒன்று இன்றும் பெரிய மரமாக நிற்கிறது. பேராக்கில் பிறந்தவர்கள் ஒரு தடவையாவது அதைப் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருப்போம். மரம் வந்த பிறகும் அதைச் சாகடிக்காமல் பால் எடுப்பது எப்படி என்று சரியாகத் தெரிந்துகொள்ள இருபது வருடம் போலப் பிடித்தது. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லிதான் 1890-களில் அதைச் சோதித்துக் காட்டியவர். அமேசான் காட்டில் கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள். ரிட்லி புதிய இடத்தில் கொத்துவதற்குப் பதிலாக, பழைய வெட்டின் விளிம்பையே மெல்லியதாகச் சீவித் திறந்தார். இந்தத் தேசத்தின் ரப்பர் வரலாறு முழுக்க அந்த ஒரு சீவலில் நிற்கிறது. நம்மவர்கள் கடல் கடந்து வந்ததற்கும் அதில் பங்கு உண்டு.

விரிவுரையில் இதைக் கேட்டபோது, நானும் ஓய்வு தேவைப்படும் மரம்தான் என்று முதலில் எனக்கே ஆறுதல் சொல்லிக்கொண்டேன். சட்டென்று உறைத்தது. நான் மரம் இல்லை. உளியைப் பிடித்திருந்தவள் நான். மரம் பாட்டி.

ஐந்து வருடம் வாரந்தவறாமல் அவரைச் சீவியிருக்கிறேன். ஆரம்பத்தில் அவராகப் பேசினார், நான் கேட்டேன். பிறகு எனக்கு மடல் வேண்டியிருந்ததால் பேச வைத்தேன். "அப்புறம் என்ன ஆச்சு பாட்டி? அப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" பாட்டிக்கு முட்டி வலி என்று மாமா தொலைபேசியில் சொன்னால், முட்டி வலியில் தொடங்கி மேட்டு நிரையில் பால் வாளி சுமந்த கதைக்குப் போகலாமே என்று மனம் கணக்குப் போடும். மருந்து வாங்கிக் கொடுத்தேன்தான். ஆனால் கணக்குதான் முதலில் வந்தது.

ஆகவே என் கருத்து இதுதான். சொந்த வாழ்க்கையை எழுதுகிறவர்கள் இடைவெளி விட வேண்டியது தங்களுக்காக மட்டுமில்லை, தங்கள் எழுத்துக்குள் வந்து போகிறவர்களுக்காகவும். நம் வீட்டு மனிதர்கள் நம்மிடம் பேசும்போது பேத்தியிடம், தங்கை மகளிடம், பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் பேசுகிறார்கள். நானூறு பேரிடம் அல்ல. நமக்குக் கிடைக்கும் பயிற்சியெல்லாம் எழுது, இன்னும் எழுது, விடாமல் எழுது என்பதுதான். பட்டறைகளில் சொல்கிறார்கள், போட்டி நடத்துகிறவர்கள் சொல்கிறார்கள், இந்தப் பக்கத்திலும் பலமுறை வந்திருக்கிறது. எப்போது எழுதாமல் இருக்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.

தமிழ் எழுத்துலகில் பேர்போன இடைவெளிகள் உண்டு. சுந்தர ராமசாமி 1966-இல் 'ஒரு புளியமரத்தின் கதை' நாவலைக் கொடுத்த பிறகு சில ஆண்டுகள் எழுதாமல் இருந்தார். எழுபதுகளில் திரும்பி வந்தார். 1981-இல் வந்த 'ஜே.ஜே: சில குறிப்புகள்' அந்த மௌனத்துக்குப் பிந்தியது. பெருமாள்முருகனின் மௌனம் வேறு மாதிரி. 'மாதொருபாகன்' நாவலுக்கு எழுந்த எதிர்ப்பினால் 2015 ஜனவரியில் எழுத்தையே விடுவதாக அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகுதான் திரும்பினார். வந்தபோது கையில் 'கோழையின் பாடல்கள்' கவிதைத் தொகுப்பு இருந்தது. மௌனத்திலும் எழுதிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அவர்களோடு என்னைச் சேர்த்து வைத்துப் பேசவில்லை. ஒரு வேறுபாட்டைச் சொல்லத்தான் அவர்களைக் குறிப்பிட்டேன். அவர் மீது கூட்டம் திணித்த மௌனம் அநியாயம். கற்பனைக் கதை எழுதியவரை ஊர் திரண்டு வாயடைக்கக் கூடாது. என்னை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. நான் எழுதியது கற்பனையும் இல்லை. ஒருவர் அடுப்பங்கரையில் சொன்னதை, அவர் மகள் அறிவதற்கு முன்னால் ஊர் அறியச் செய்தேன்.

இதற்கு மறுப்பு உண்டு, அதுவும் வலுவான மறுப்பு. தமிழில் எழுதும் இளையோர் இங்கே எத்தனை பேர்? இருக்கிற ஒருத்தியும் ஓய்வு என்று ஒதுங்கினால் அந்த இடத்தை யார் நிரப்புவது? 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 தொடக்கத்தில் நின்றபோது எங்கள் வீட்டில் தாத்தாவின் பழைய சிநேகிதர் ஒருவர் வந்து உட்கார்ந்து அரை மணி நேரம் பேசாமல் இருந்துவிட்டுப் போனார். நின்று போவது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். 'தற்காலிகம்' என்ற சொல்லுக்கும் எங்கள் குடும்பத்தில் நல்ல பெயர் இல்லை. பாட்டியின் தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை போட்டபோது, குடும்பங்களைத் தற்காலிகமாக ஒரு பலகை வரிசை வீட்டில் வைத்தார்கள். ஆறு மாதம் என்றார்கள். ஒன்பது வருடம் ஆயிற்று. அம்மாவுக்கு அங்கேதான் கல்யாணம் நடந்தது.

இந்த மறுப்பை நான் முழுதாகத் தள்ளிவிட முடியவில்லை. பாட்டிக்கு எண்பதை நெருங்குகிறது. நான் கேட்காமல் விடும் மாதங்களில் எத்தனை கதை அவரோடு கரைந்துபோகும் என்று நினைத்தால் தூக்கம் வராது. பேராக்கில் தோட்டங்கள் போய்விட்டன, அதைச் சொல்ல இருக்கும் மனிதர்களும் ஒவ்வொருவராகப் போகிறார்கள். சேர்த்து வைப்பது அவசரமான வேலைதான். ஆனால் அந்த அவசரத்தைக் காட்டியே ஒரு கிழவியிடம் அவர் கொடுக்க விரும்பாததையும் வாங்கிவிடலாம் என்பதை நான் செய்தே பார்த்துவிட்டேன். அதன் பலன், இப்போது ஒன்றுமே வரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஓய்வு எல்லாருக்கும் கிடைக்கிற சரக்கில்லை. பிப்ரவரி மார்ச்சில் ரப்பர் இலை உதிர்ந்து துளிர்க்கும். அந்த வாரங்களில் பால் குறையும், மரத்தை விட்டுவைப்பார்கள். அது எவ்வளவு நல்ல ஏற்பாடு என்று ஒருமுறை பாட்டியிடம் சிலாகித்தேன். "மரத்துக்கு நல்லதுதான். எங்களுக்குச் சம்பளம் கொறையும். வெளிக்காட்டு வேலைக்குப் போட்டா போவோம், இல்லாட்டி கடையில கடன்" என்றார். என் எழுத்துக்குக் கூலி இல்லை. அதனால் நிறுத்தவும் முடிகிறது. மடல் எழுதித்தான் சாப்பிட வேண்டும் என்றிருந்தால் இப்படி நிதானமாகக் கட்டுரை எழுதிக்கொண்டிருப்பேனா, தெரியவில்லை.

எனவே இது எனக்குத் தெரிந்த அளவில் ஒரு நேர்மையான இடைவெளி. தேதி வைத்திருக்கிறேன்: மே 4, ஞாயிறு, இரவு ஒன்பது மணி. பாட்டி வீட்டுக்குப் பின்னால் யாரோ ஒருவருடைய சிறுதோட்டத்தில் பத்து நாற்பது பால்மரம் மிச்சம் இருக்கிறது. இப்போது தரை முழுக்கச் சருகு. மே மாதத்துக்குள் தழைத்துவிடும். பழைய மடல்களில் மற்றவர்களைப் பற்றி எழுதியவற்றை எடுத்துவைத்து, சம்பந்தப்பட்டவர்களைத் தேடிப் போய் வாசித்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன். இதுவரை ஒன்பது பேர். ஏழு பேருக்குச் சந்தோஷம். ஒருவர், நடந்தது அப்படியில்லை என்று சண்டைக்கு வந்தார். இன்னொருவர் கேட்டுவிட்டுத் தண்ணீர் கொண்டு வருகிறேன் என்று உள்ளே போனவர் வெகுநேரம் வரவில்லை.

பாட்டி வீட்டுக்கு இப்போதும் போகிறேன். கைப்பேசியைப் பையிலேயே வைத்துவிடுகிறேன். நெத்திலி கிள்ளத் தெரிந்துகொண்டேன். தோட்டத்தைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. போன வாரம் அவராகவே, "அவ பசியாறினாளா, கேட்டியா?" என்றார். யாரைச் சொல்கிறார் என்று தெரியும். தெரியவில்லை என்றேன். "கேளு" என்றார்.

இந்தக் கட்டுரையை அனுப்புவதற்கு முன்னால் பெரியம்மாவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். இரண்டு இடத்தை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன். பழுப்புக் கவரை என்ன செய்யட்டும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"அது இருக்கட்டும்" என்றார். "பாட்டிக்கு நீ வாசிச்சுக் காட்டாத. ஞாயித்துக்கெழமை நான் வர்றேன். நானே வாசிக்கிறேன்."